இறங்குதலும் ஆதலும்: மனுவுருவாதற் கோட்பாடும் கார் நிக்கோபார்ச் சான்றும்

முன்னுரை

இறைவன் மனிதனானான் என்பது கிறித்தவத்தின் அடிப்படைக் கோட்பாடு. தமிழ்க் கிறித்தவர் இதனை ‘அவதாரம்’ என்றும் ‘மனுவுருவாதல்’ என்றும் வழங்குவர். முன்னது இறங்குதலையும் பின்னது ஆதலையும் குறிக்கும். இவ்வேறுபாட்டின் அறவியற் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது.

கோட்பாட்டு நிலை

அவதார உடல் வெறுந்தோற்றம் எனக் கூறி இரண்டனையும் வேறுபடுத்துதல் பொருந்தாது. அவதாரப் பிறப்பு மெய்யே என்பது இராமானுசரின் கீதை உரைக் கொள்கை. ஆயின் அவ்வுடல் வினையால் வந்ததன்று, பிரகிருதியால் ஆனதுமன்று. சைவ சித்தாந்தம் இறைவன் கருவிற் பிறத்தலை உடன்படாது. அவன் குருவாய் வந்து உணர்த்துதலைச் சிவஞானபோதத்தின் எட்டாம் நூற்பா பேசுகிறது. கி.பி. 451இல் கூடிய கால்சிதோன் சங்கமோ, பாவம் ஒழிந்த அனைத்திலும் கிறித்து நம்மை ஒத்தவர் என வரையறுத்தது. பசியும் நோவும் சாவும் அவற்றுள் அடங்கும். இவ்வாதலை மனிதர் பின்பற்றத்தக்க அறமாகக் கொள்ள இயலுமா என்பதே வினா.

கார் நிக்கோபார்ச் சான்று

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேதப்பன் சாலமோன் என்னும் தமிழர் கார் நிக்கோபார் சென்று, மூஸ் என்னும் ஊரில் சிறுவர்க்குக் கற்பித்தார். அவர் சமய ஆசிரியர்; ஆங்கில அரசின் முகவருமாவார். தீவினரோடு வாழ்ந்தபோதும் அதிகாரமும் திரும்பிச் செல்லும் வழியும் அவர்பால் இருந்தன.

அவர்தம் மாணவருள் ஒருவர் அத்தீவிற் பிறந்த ஜான் ரிச்சர்ட்சன். மாண்டலேயில் கற்று மீண்ட இவர், புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியிற் பெயர்த்தார். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் தம் மக்களோடு தாமும் துன்புற்றார். 1952இல் மக்களவையின் நியமன உறுப்பினராகவும், 1966இல் அந்தமான் நிக்கோபார் திருமண்டிலத்தின் முதற் பேராயராகவும் விளங்கினார்.

ரிச்சர்ட்சன் பிறப்பாலேயே நிக்கோபாரியர். எனவே அவரிடம் ‘ஆதல்’ நிகழவில்லை எனலாம். இத்தடை ஏற்கத்தக்கதே. சாலமோன் நிக்கோபாரியராதல் இயலாது. ரிச்சர்ட்சனுக்கு அது தேவையில்லை. ஆயின் வந்தவர் கொணர்ந்த சொல், கேட்டவரின் நாவில் அவர்தம் மொழியாகவே ஆயிற்று. ஆதல் நிகழ்ந்தது ஆளிடத்தன்று, சொல்லிடத்தெனலாம்.

முடிவுரை

‘யாம் உம்மில் ஒருவரானோம்’ என்று அதிகாரத்தோடு வருபவர் தாமே கூறிக்கொள்ளுதல் சான்றாகாது. அதனைக் கூறும் உரிமை ஏற்பவர்க்கே உரியது. மனுவுருவாதல் மனிதரால் அப்படியே பின்பற்றத்தக்கதன்று. தம் சொல்லைப் பிறர் தம் மொழியிற் பேசுமாறு விட்டு, அவர்க்குப் பின்னே நிற்றலே மனிதர்க்கு இயலும் ஆதல். இறங்கி வருதலினும் இது அரிது.