இப்போதைக்குப் பிடித்தவை

ரப்பர் தோட்டத்தில் சருகு மிதிபடும் சத்தம். பால் வெட்டுகிறவர் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகிறார்.

பிறகு சத்தம் இல்லை.

மடியில் ‘புத்தம் வீடு’. ஹெப்சிபா ஜேசுதாசன், 1964. இப்போதைக்கு வேறு புத்தகம் எடுக்கத் தோன்றவில்லை.

விளவங்கோட்டுத் தமிழ். குன்னத்துகாலில் வயதான அம்மாமார் பேசும் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு அந்தப் பக்கம், தமிழகத்துக்குப் போகிறது. நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம், கேரளத்தில் நிற்கிறது. பேச்சு அங்குமிங்கும் நடக்கிறது.

கதையில் லிஸி பெரியவளாகிறாள். பள்ளிக்கூடம் நிற்கிறது. இனி வீட்டுக்குள்தான்.

பக்கங்கள் மெல்ல நகர்கின்றன. அவளுடைய நாட்கள் அந்த வேகத்தில்தான் போகின்றன போலும். வாசிக்க வாசிக்க என் கால்கள் எழுந்து நடக்க விரும்புகின்றன.

அந்த விருப்பத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறேன்.

தங்கராஜ் பனையேறியின் மகன். புத்தகம் முழுக்கப் பனை. தலை தூக்கினால் ரப்பர்.

*

கொடியில் நேரியல் காய்கிறது. பாலராமபுரத்துக் கைத்தறி.

புளியிலைக்கரை. மெல்லிய கோடு, அருகில் வந்தால்தான் தெரியும். அகலக் கசவு ஓணத்துக்கு நன்றாக இருக்கும். கண் இப்போது இந்தக் கோட்டில் நிற்கிறது.

புரட்டுகிறேன். அந்தப் பக்கமும் இதே போல.

நெய்கிறவர்கள் சாலியர். தமிழ் பேசும் வீடுகள். பாலராமவர்மா மகாராஜா ஆண்ட காலத்தில், 1798க்கும் 1810க்கும் இடையில், தெற்கிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். தறி குழிக்குள் இறங்கியிருக்கிறது. கால் கீழே மிதிக்கிறது, நாடா மேலே ஓடுகிறது. வெயில் ஏறுவதற்கு முன் தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போடுகிறார்கள்.

துணியை முகத்தருகே கொண்டுபோகிறேன். கஞ்சி மணம் இன்னும் கொஞ்சம் மிச்சம். துவைக்கத் துவைக்கப் போய்விடும். துணி இளகும்.

மொடமொடப்பு பிடிக்கிறதா, இளக்கம் பிடிக்கிறதா. கேள்வி வருகிறது. போகிறது.

தோளில் போடுகிறேன். போட்டது தெரியவில்லை. தோளில் துணி போட ஒரு காலத்தில் ஆணை வேண்டியிருந்தது.

1859 ஜூலை 26. திருவிதாங்கூர் அரசின் ஆணை. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம். மேல்சாதிப் பெண்கள் அணிகிற விதத்தில் மட்டும் அணியக்கூடாது.

அந்த ஆணைக்கு முன்னால் பல பத்தாண்டுகள். தென் திருவிதாங்கூரின் சந்தைகளில் தோள்சீலையைப் பிடித்து இழுக்கிறார்கள், கிழிக்கிறார்கள். பெண்கள் மறுபடி போர்த்திக்கொண்டு வருகிறார்கள்.

மறுபடி.

நேரியல் அழகாகத்தான் இருக்கிறது. நெஞ்சு இறுகுகிறது. இரண்டும் ஒரே மூச்சில்.

தோளில் இருந்து எடுக்கவில்லை.

*

கண்மை.

கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்த துணி, திரியாக. அகலில் விளக்கெண்ணெய். மேலே கவிழ்த்த மண்சட்டி. ராத்திரி முழுவதும் கரி படிகிறது. காலையில் வழித்தெடுத்து, நெய் விட்டுக் குழைத்து, சிமிழில்.

இமையோரத்தில் விரல் படுகிறது. குளிர்ச்சி.

தலைக்குத் தாளி. செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கினால் வரும் வழவழப்பு. வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

*

வீடு.

சிவப்புச் சிமெண்டுத் தரை, வருஷக்கணக்கில் கால்கள் தேய்த்த மினுக்கம். புது வீடுகளில் வெள்ளை டைல்ஸ். எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதும் வந்து, கொஞ்சம் நின்று, நகர்கிறது.

பத்மநாபபுரம் அரண்மனையின் தரை நினைவுக்கு வருகிறது. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளை. கருப்பு, முகம் தெரியும் அளவுக்கு. அரண்மனை தமிழ்நாட்டில். பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறை. உள்ளங்கால் இரண்டையும் அறியாமல் குளிர்கிறது.

திருவனந்தபுரத்து நாலாஞ்சிறையில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பாறைச் சரிவில் கட்டிக்கொண்ட வீடு. சரிவு சரிவாகவே இருக்கிறது. பழைய மரத்துக்கும் பழைய ஓட்டுக்கும் அங்கே இடம் கிடைக்கிறது.

அவருடைய சுவர்தான் இப்போது மனதில். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்துக் கட்டினார். நடுவில் காலி இடம். ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகிறது. அந்தக் காலி இடத்துக் காற்று உள்ளே வரும் சூட்டைக் குறைக்கிறது. மேலே பூச்சு கிடையாது. கல் கல்லாகவே தெரிகிறது.

ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில், கல் விட்டுக் கல் அடுக்கிய துளைகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வெளிச்சம். கதவடைத்த அறையிலும் காற்று நடமாடும்.

லிஸியின் வீட்டில் இப்படி ஒரு சுவர்.

எண்ணம் அங்கேயே விட்டுப்போகிறது.

*

போன மாதம் வரை தாழம்பூ மணம் வேண்டியிருந்தது. இன்று மூக்கு திரும்பிக்கொள்கிறது. காரணம் தேடவில்லை.

மேசையில் அடுத்து ‘தலைமுறைகள்’. நீல. பத்மநாபன், 1968. இரணியல் செட்டிமார் வீட்டுக் கதை. தடித்த புத்தகம். ஓணத்துக்கு முன் முடியுமா தெரியவில்லை.