கேட்டு உண்ணும் அறம்

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் முதலிய ஊர்ப்பக்கங்களில் வேரூன்றிய நம் குடும்பங்களின் பிள்ளைகள், கல்வியின் பொருட்டும் பணியின் பொருட்டும் தென்பாண்டி நாட்டு ஊர்களிலும் தங்கி வாழும் காலம் இது. ராஜபாளையத்து நூற்பாலைகளில் பணிபுரிவோர்க்கும், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் பயில்வோர்க்கும் அருகில் நம் இல்லங்கள் இல்லை. விடுதி உணவும் கடை உணவுமே துணை. பால்கோவாவும் பரோட்டாவும் பெயர்பெற்ற அவ்வூர்க் கடைத்தெருக்களிலும் இன்று நூடுல்ஸ், மஞ்சூரியன், மோமோ என்னும் பெயர்கள் இடம்பெற்றுவிட்டன. நண்பர்கள் அழைக்கும்போது அங்கே அமர்ந்து உண்ணலாமா என்று நம் பெயரன்மாரும் பெயர்த்திமாரும் வினவுகின்றனர். இவ்வினாவைச் சினந்து ஒதுக்குதலும் தகாது. சிரித்துக் கடத்தலும் தகாது.

இதற்கு இருவகை விடைகள் வழங்குகின்றன. "அது சீனர் உணவு, நமக்கு ஆகாது" என்பது முதியோர் விடை. "காய்கறி நூடுல்ஸ்தானே, இதில் என்ன குற்றம்?" என்பது இளையோர் விடை. இரண்டுமே ஆராயாது கூறப்படுபவை என்று நமக்குத் தோன்றுகிறது.

முதலாவதை நோக்குவோம். ஓர் உணவு அயல்நாட்டிலிருந்து வந்தது என்பதாலேயே அது விலக்கத்தக்கது ஆகிவிடாது. நம் அடுக்களையில் நாள்தோறும் புழங்கும் மிளகாயும் கடல் கடந்து வந்ததே. சீன நாட்டிலும் ஊன் மறுக்கும் மரபு நெடிது. கி.பி. 502 முதல் 549 வரை ஆண்ட லியாங் மரபின் பேரரசர் ஊ, பௌத்தத் துறவியர் ஊனையும் மதுவையும் விலக்க வேண்டுமென வலியுறுத்தினார். அந்நாட்டுப் பௌத்த மடங்களின் சமையலில் வெங்காயமும் பூண்டும்கூட விலக்கப்படுகின்றன. நோன்பு நாள்களில் நம் இல்லங்களில் காக்கும் நெறியை இது நினைவூட்டவில்லையா? மேலும், நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் உணவைச் சீனர் உணவென்று சொல்வதும் முழுதும் பொருந்தாது. மஞ்சூரியன் என்பது 1975இல் மும்பையில் நெல்சன் வாங் என்னும் சமையற்கலைஞர் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயுடன் சோயா சாஸ் சேர்த்து ஆக்கிய கோழி உணவு. பின்னர் கோழியின் இடத்தில் காலிபிளவர் வந்தது. ஆகவே பிறநாட்டார் என்னும் காரணம் காட்டி விலக்குவது அறமன்று. அது வெறும் வெறுப்பாகிவிடும்.

இனி இளையோர் விடையை நோக்குவோம். கடைகளில் விற்கும் உணவுப் பொட்டலத்தின் மேல் பச்சை வட்டமோ பழுப்பு முக்கோணமோ அச்சிடப்பட்டிருக்கும். வாணலிக்கு அத்தகைய குறி ஏதும் இல்லை. நூடுல்ஸ் மாவில் முட்டை சேர்ந்திருக்கலாம். சுவைக்காகச் சேர்க்கும் சாறுகளில் சிப்பியிலிருந்தும் மீனிலிருந்தும் ஆக்கப்படுபவை உண்டு. உருளைக்கிழங்கு வறுவலின் மேல் தேன் ஊற்றுவதும் உண்டு. மோமோ நம் கொழுக்கட்டையைப் போன்று ஆவியில் வேகும் பண்டம். அடுக்கடுக்கான தட்டுகளில் மேல்தட்டில் ஊன் வைத்தால் அதன் நீர் கீழ்த்தட்டிற் சொட்டும். காய்கறி என்னும் பெயர் இவற்றையெல்லாம் மறைத்துவிடுகிறது.

இங்கே இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும். சிப்பிச் சாற்றை உண்பவர் உயிர்க்கொலைக்கு வாங்குவோராகத் துணைநிற்கிறார். "நாம் கொல்லவில்லை, உண்ண மட்டுமே செய்கிறோம்" என்னும் வாதத்தை நீலகேசி பௌத்தரோடு வாதிட்டு மறுத்தது நாம் அறிந்ததே. இதில் தளர்ச்சிக்கு இடமில்லை. கோழி வறுத்த வாணலியிலேயே காயை வறுப்பதோ வேறுவகை. அதனால் கொல்லப்படும் உயிரின் எண்ணிக்கை கூடுவதில்லை. ஆனால் ஊன் கலந்ததென்று அறிந்தே உண்பது நம் நோன்பைக் குலைக்கிறது. தனி வாணலி கேட்பது நோன்பைக் காக்கும் பொருட்டே. அது கிடைக்கவில்லையெனில் உண்ணாது விடலாம். சமையற்காரரைப் பழிப்பதற்கு நமக்கு உரிமையில்லை.

உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை விளக்குகையில் கவனமின்மையை அதன் வேராகக் காட்டுகிறது. இதுவே நம் வினாவுக்குத் திறவுகோல். கேளாமல் உண்பதும், கேட்டால் விடை பாதகமாகுமோ என்றஞ்சிக் கேளாதிருப்பதும் கவனமின்மையே.

"நண்பர் நடுவே இவ்வாறு கேட்பது நாணமாக இருக்கிறது, அழைத்தவர் மனம் நோகுமே" என்று இளையோர் கூறுவர். இது எளிதில் தள்ளத்தக்க தடையன்று. மனத்தை நோவச் செய்வதும் இம்சையின்பாற்படும். ஆயினும் அதற்கு அஞ்சிப் பசியில்லை என்று பொய்யுரைப்பது வாய்மை நோன்பைக் கெடுக்கும். "இவற்றை உண்பதில்லை என்பது எங்கள் குல ஒழுக்கம்" என இன்முகத்துடன் ஒருமுறை சொன்னால் நல்ல நண்பர் அறிந்துகொள்வர். அடுத்த முறை அவர்களே நமக்காகக் கேட்பர். அவர்கள் உண்ணும் தட்டை அருவருப்போடு நோக்குவதும், நாமே தூயர் என்று செருக்குவதும் கூடா. மானம் என்னும் செருக்கும் நான்கு கசாயங்களுள் ஒன்றென்பதை மறத்தலாகாது. உணவு ஏற்றதாக இல்லாவிடினும் நட்பு விலக்கத்தக்கதன்று. ஒரு பழமேனும் உண்டு உடனிருக்கலாம்.

பொழுதைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய கடைகளில் கூட்டம் பெருகுவது விளக்கேற்றிய பின்னரே. இரவுண்ணா நோன்புடையோர் நண்பரை மாலைப்பொழுதிலேயே அழைத்துச் செல்லலாம். சோயா சாஸ், வினிகர் போன்ற புளிப்பேற்றிய பொருள்களையும் கிழங்கு வகைகளையும் விலக்குதல் அவரவர் மேற்கொண்ட நோன்பின் அளவினது.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நாம் கற்ற பாடம் ஒன்றுண்டு. காரணம் சொல்லாத விதி, ஆசிரியர் வகுப்பறையை நீங்கியதும் தானும் நீங்கிவிடும். ராஜபாளையத்திலிருந்து வெகு தொலைவில் இல்லாத கழுகுமலையின் பாறையில், ஆண் ஆசிரியரோடு குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அறத்தை ஆசிரியர் வழியாக மாணாக்கர் பெற்ற மரபு நம்முடையது. அவ்வழி வந்த நம் தாய்மார்கள், "போகாதே" என்று சொல்லி அனுப்புவதினும், எவற்றைக் கேட்க வேண்டும், ஏன் கேட்க வேண்டும் என்று கற்பித்து அனுப்புதல் நன்று. வெளியூரில் நம் பிள்ளைகளைக் காக்க நாம் உடனிருக்க இயலாது. கேட்டறிந்து உண்ணும் பழக்கம் உடனிருக்கும்.