அயலார் நோயும் நம் கடமையும்

நோயுற்றவனுக்கு மருந்தும் உணவும் அளிப்பது அறம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஐயம் எழுவது அதற்கடுத்த படியில்தான். ஒரு தெருவில் பத்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் வாடுகின்றன. வசதி படைத்த ஒருவர் மருத்துவரை வரவழைத்துச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொள்கிறார். குழந்தைகள் பிழைத்து எழுகின்றன. அடுத்த மழைக்காலத்தில் அதே கிணற்று நீரைப் பருகி அதே குழந்தைகள் மீண்டும் படுக்கையில் வீழ்கின்றன. செல்வர் மீண்டும் மருத்துவரை அழைக்கிறார். கொடுத்தவருக்குப் புண்ணியம் இருமுறை கிட்டிற்று. குழந்தைகளுக்கு நோயும் இருமுறை கிட்டிற்று. அவருடைய ஈகையில் குறை கூற ஒன்றுமில்லை. ஆயினும் எதையோ காணத் தவறிவிட்டோம் என்ற உறுத்தல் நெஞ்சில் எஞ்சுகிறது அல்லவா? ஓர் ஊரின் உடல்நலம் என்பது ஒருவர் கொடுக்க மற்றவர் கைநீட்டி வாங்கும் பொருளா, அன்றி எல்லோரும் கூடி ஆக்கிக்கொள்ள வேண்டிய ஒன்றா என்பதே அவ்வுறுத்தலின் உட்பொருள்.

நோயாளரைப் பேணுவதைத் திருக்கோயில்கள் தம் கடமையாகக் கொண்டிருந்தமைக்குக் கல்லிலேயே சான்று உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் கொண்டுள்ளார். 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று அக்கோயிற் சுவரில் இருக்கிறது. வேதம் பயிலும் மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் பதினைந்து படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலர்சாலை அங்கே நடைபெற்றதை அது விரிவாக உரைக்கிறது. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவருவோர் இருவர், நோயாளர்க்கு வேண்டுவன செய்து மருந்து காய்ச்சும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவருபவர் ஒருவர். நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய தைலங்கள், நெய்கள், அரீதகிகள் ஆகியவற்றின் பெயர்கள் வரிசையாக உள்ளன. இரவில் எரிய ஒரு விளக்கும் மறக்கப்படவில்லை. ஏலமும் இலாமிச்சையும் இட்ட நீருக்குக்கூட ஏற்பாடு உண்டு. நள்ளிரவில் காய்ச்சலோடு விழித்துக் கிடப்பவனுக்கு வெளிச்சமும் மணமுள்ள நீரும் எத்துணை ஆறுதல் என்பதை, அந்த நிவந்தத்தை வகுத்தவர் தம் உடம்பிலேயே அறிந்திருக்க வேண்டும்!

இப்பட்டியலில் கருதத்தக்கது ஒன்றுண்டு. மருத்துவருக்கு ஆண்டுக்குத் தொண்ணூறு கலம் நெல். சல்லியம் செய்பவருக்கு முப்பது கலம். ஊதியத்தில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு இருந்தும், நீர் சுமந்தவரும் விறகு சுமந்தவரும் மருத்துவரோடு ஒரே கல்லில் இடம் பெற்றனர். திருமலையில் தீர்த்த கைங்கரியம் புரிந்த நம்பியின் பெருமையை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

எனினும் உண்மையை மறைத்தல் கூடாது. அந்தப் பதினைந்து படுக்கைகளும் கோயிலையும் கல்விச்சாலையையும் சார்ந்தவர்க்கே. வேலிக்கு வெளியே ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவனின் காய்ச்சலைப் பற்றிக் கல்வெட்டு ஒன்றும் பேசவில்லை. மேலும், படுக்கையில் கிடந்தவன் பெறுபவனாகவே இருந்தான். அவன் செய்வதற்கென்று அங்கே ஏதும் இல்லை. காலம் அது, குறை சொல்வதற்காக இதனைக் கூறவில்லை. ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னர் வேறோர் இடத்தில் இக்குறையே கேள்வியாக எழுந்தது என்பதற்காகவே கூறப்படுகிறது.

அவ்விடம் மகாராஷ்டிர மாநிலத்து அகமதுநகர் மாவட்டத்தில், இன்று அகில்யாநகர் எனப்படும் மாவட்டத்தில், உள்ள ஜாம்கேட் என்னும் வறண்ட வட்டாரம். அங்கே பணியாற்றிய ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே என்னும் மருத்துவத் தம்பதியர் நம் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். முன்னர் வடாலா என்னும் ஊரில் மருத்துவமனை நடத்தியபோது, குணமாகி வீடு சென்றவர்கள் அதே நோயோடு திரும்பி வருவதைக் கண்டு மனம் வருந்தினர். மேற்சொன்ன செல்வரின் நிலைதான் அது. 1970ஆம் ஆண்டு ஜாம்கேட்டில் பணியைத் தொடங்கிய அவர்கள், மக்கள் முதலில் வேண்டுவது யாது என்று கேட்டனர். மருந்து என்று மக்கள் சொல்லவில்லை. நீரும் சோறும் என்றனர்.

தொடர்ந்து வந்தது 1972ஆம் ஆண்டின் கொடிய வறட்சி. ஊர்தோறும் ஆழ்துளைக் கிணறுகள் தோண்ட உதவி கிடைத்தது. எங்கே துளையிடுவது? நீர் கிடைக்கக்கூடிய இடங்களுள், தீண்டாமைக் கொடுமைக்கு ஆளாகியிருந்த மக்களின் குடியிருப்பில் அமைந்த இடத்தையே அத்தம்பதியர் நாடினர். தம் கிணற்றருகே யாரை நெருங்க விட்டதில்லையோ அவர்களுடைய வாசலுக்குக் குடத்தோடு செல்ல வேண்டியவராயினர் மேற்சாதியார். சென்றனர், நின்றனர், நீர் எடுத்தனர்.

இங்கே நுண்ணிய அறநோக்குடையவர் ஒரு தடை எழுப்பக்கூடும். நல்லொழுக்கம் உள்ளத் திருத்தத்தால் வரவேண்டுமேயன்றித் தாகத்தால் வரலாமா? வேறு வழியில்லாமல் செய்ததற்கு அறம் என்று பெயரா? தடை வலியதுதான். ஆனால் மனம் திருந்தும் வரை குழந்தையின் தாகம் காத்திருக்குமோ? காலங்காலமாக உபதேசம் கேட்டும் திருந்தாத உள்ளங்கள் உண்டு என்பதை யாவரும் அறிவோம். கைகள் ஒரே பம்பைப் பற்றிப் பழகிய பின் உள்ளம் மெல்லத் தொடர்ந்து வருவதும் உண்டு. ஆசாரம் உள்ளத்தைப் பண்படுத்தும் என்று மற்றக் காரியங்களிலெல்லாம் ஒப்புக்கொள்ளும் நாம், இதில் மட்டும் மறுப்பது முறையாகாது. தூய நீர் எல்லார்க்கும் பொதுவாகக் கிடைத்தாலன்றி எவர் வீட்டுக் குழந்தைக்கும் நலமில்லை. வாந்திபேதி மதில் ஏறிக் குதித்து வரும். அது குலமோ கோத்திரமோ வினவுவதில்லை.

அடுத்து எழுந்தது, ஊரில் இருந்து காப்பவர் யார் என்ற வினா. பயிற்சி பெற்ற செவிலியரை ஊர்களில் குடியமர்த்திப் பார்த்தனர். அவர்களால் ஊராரோடு ஒன்ற இயலவில்லை. எனவே அந்தந்த ஊராரே தம்முள் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பினர். பெரும்பாலோர் எழுத்தறியாதவர், பலர் ஒதுக்கப்பட்ட குலத்தினர். கர்ப்பவதிகளைக் கவனித்தல், தூய முறையில் பேறு பார்த்தல், வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை ஊட்டல், எடை குறைந்த குழந்தைகளை அறிதல் ஆகியவற்றை அவர்கள் கற்றனர். பேதியாகும் குழந்தைக்கு நீரே கொடுக்கலாகாது என்ற பழைய எண்ணத்தை வெளியூர் மருத்துவர் ஆயிரம் முறை மறுத்திருந்தாலும் எடுபட்டிராது. தன்னோடு களை பறித்த பெண் சொன்னால் தாய் செவிசாய்ப்பாள். உழவர் மன்றங்களும் மாதர் மன்றங்களும் உடன் நின்றன. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டிற்குள் இறந்தவை 1971இல் 176, 1976இல் 52. உலக நலவாழ்வு நிறுவனம் 1975இல் வெளியிட்ட நூலில் இம்முயற்சி இடம் பெற்றது. 1979இல் தம்பதியருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

இன்னொரு தடையையும் எடைபோடாமல் விடுவதற்கில்லை. ஏழைகளின் நலத்தை ஏழைகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று அரசும் செல்வரும் விலகிக்கொள்ள இது வழிவகுக்காதா? படித்தவர் ஊதியம் பெற்றுச் செய்யும் வேலையைப் படிக்காத பெண் ஏறக்குறைய தொண்டாகவே செய்வது நேர்மையா? இந்த அச்சம் பொய்யானதன்று. கூட்டுப் பொறுப்பு என்னும் அழகிய சொல்லின் பின்னால் பொறுப்பின்மை ஒளிந்துகொள்வதைப் பலவிடத்தும் காணலாம். ஜாம்கேட்டில் அப்பெண்ணுக்குப் பின்னால் மருத்துவமனை ஒன்று இருந்தது. அவள் கைக்கு மிஞ்சிய நோயாளியை அது ஏற்றுக்கொண்டது. வாரந்தோறும் அவள் வந்து கற்றாள், கண்டதைக் கூறினாள், மருத்துவரும் அவளிடம் கேட்டறிந்தனர். ஒருவர் விலக மற்றவர் சுமப்பது கூட்டு ஆகாது. இருவரும் சுமக்க, சுமை மாறி மாறித் தோளேறுவதே கூட்டு. திருவீதிப் புறப்பாட்டில் ஸ்ரீபாதம் தாங்குவோர் இதனை நன்கு அறிவர்.

1988ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் கூடிய ஒரு நலவாழ்வு மாநாட்டில் இப்பணிப்பெண்களுள் ஒருவர் பேசினார். மண்டபத்தில் தொங்கிய சரவிளக்கு பேரொளி உடையதாயினும் இருந்த இடத்தை விட்டு நகராது என்றும், தம் போன்றோர் சிறு அகல்கள் என்றும், அகலால் வீடு வீடாகச் சென்று மற்றோர் அகலை ஏற்ற முடியும் என்றும் தம் மொழியில் அவர் விளக்கினார்.

மேபெல் ஆரோளே 1999இலும் ரஜனிகாந்த் ஆரோளே 2011இலும் மறைந்தனர். அவர்கள் நிறுவிய பயிற்சிக்கூடத்திற்குப் பல நாடுகளிலிருந்தும் மருத்துவம் பயின்றோர் வந்து கற்றிருக்கின்றனர். கற்பித்த ஆசிரியருள் அந்த ஊர்ப் பெண்களும் இருந்தனர். ஒரு காலத்தில் கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் விலகி நிற்கப் பணிக்கப்பட்டவர்கள் அவர்களுள் பலர். அவர்கள் பேச, பட்டம் பெற்றவர்கள் எதிரே அமர்ந்து குறித்துக்கொண்டனர்.