குழந்தையின் பல்லும் பொதுப்பணத்தின் கடமையும்

நீரை வடிகட்டாமல் அருந்தலாகாது என்பது நம் இல்லறத்தார் வழிவழியாகப் போற்றிவரும் நெறி. கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிர்க்கும் தீங்கு நேரலாகாது என்னும் கருணையே அதன் உட்பொருள். எனினும், எத்துணை நெருக்கமாக நெய்த துணியிலும் தங்காத ஒன்று சில ஊர்களின் நிலத்தடி நீரில் கலந்துள்ளது. அதுவே புளோரைடு. அதனை ஆராய்ந்தறிந்த வரலாறு, பொதுப்பணத்தால் பெற்ற அறிவின் பயன் யாரைச் சென்றடைய வேண்டும் என்னும் அறவினாவை நம்முன் வைக்கிறது.

சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் அரசின் செலவில் நடைபெறும் ஆய்வகம். அங்குப் பணியாற்றிய ஷார்ட், சி. ஜி. பண்டிட் முதலியோர், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில் ஆய்வு நடத்தி, 1937-இல் அதன் முடிவை வெளியிட்டனர். பற்களில் கறை படிவதற்கும், எலும்புகள் இறுகி முதுகு வளைவதற்கும் குடிநீரில் மிகுந்த புளோரைடே காரணம் என்பது அதனால் விளங்கிற்று.

சிறிதளவு புளோரைடு பல்லைச் சொத்தையினின்று காக்கும். அளவு மீறினால் அதுவே பல்லைக் கெடுக்கும். ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. இக்கேடு பல்லில் பதிவது, ஈறுக்குள்ளே பல் உருவாகும் இளம்பருவத்தில்தான். ஏழெட்டு வயதில் முளைக்கும் நிலைப்பல்லில் காணும் கறை, அக்குழந்தை மழலைப் பருவத்தில் அருந்திய நீரின் அடையாளமாகும். பின்னர் நல்ல நீர் கிடைப்பினும் அது தானே மறையாது. ஆதலின் இங்குக் காலத்தாழ்வு என்பது மீட்கவொண்ணாத இழப்பு.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இக்கேட்டால் நெடுங்காலம் வருந்தியவை. ஜப்பானியக் கடனுதவியுடன் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பெற்றது. காரணம் அறியப்பட்ட ஆண்டுக்கும் காவிரி நீர் வந்த ஆண்டுக்கும் இடையே 76 ஆண்டுகள்! அதற்குள் எத்தனை தலைமுறைக் குழந்தைகள் பல் முளைத்து வளர்ந்திருப்பர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிகிச்சையின் நிலையையும் நோக்குவோம். ஆழ்வார்பேட்டையில் வாழும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பல்லில் குறை நேர்ந்தால், சில தெருக்கள் கடந்தால் மருத்துவரைக் காணலாம். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். 1953-இல் தோன்றிய அக்கல்லூரியைத் தருமபுரிச் சிற்றூர்க் குழந்தை அடைய ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடக்க வேண்டும். பெற்றோர் கூலியையும் இழக்க வேண்டும். புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் வடமேற்கு மாவட்டங்களுக்கு அதுவும் தொலைவே.

"பல்நோய் உயிரைப் போக்குவதன்று, உயிர்காக்கும் மருத்துவத்துக்கே பொதுப்பணம் போதவில்லையே" என்பர் சிலர். இக்கூற்றைப் புறக்கணித்தல் இயலாது. ஆனால் உண்ண இயலாமலும், உறங்க இயலாமலும், வாய்திறந்து சிரிக்க நாணியும் வாழும் குழந்தையின் துன்பமும் துன்பமே. மேலும், ஆராய்ச்சிக்குப் பணம் தந்தோருள் அக்குழந்தையின் பெற்றோரும் உளர். தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி செலுத்தியே வந்திருக்கிறார்.

"அவரவர் வினைப்பயன்" என்று அமைவோரும் உண்டு. வினைக்கொள்கை நம் ஒழுக்கத்தை நாமே திருத்திக்கொள்ள வகுத்தது. பிறர் துன்பத்தைக் கண்டும் வாளாவிருப்பதற்கு வகுத்ததன்று. அங்ஙனமாயின் நால்வகைத் தானங்களுள் ஔடததானம் எதற்காக?

அத்தானங்களுள் சாத்திரதானமும் ஒன்று. அது அறநூல் அறிவையே குறிப்பினும், அறிவைப் பிறர்க்கு வழங்கும் கடமையை நமக்கு நினைவூட்டுகிறது. ஆய்வேட்டில் தங்கி, தலைநகரில் நின்றுவிடும் மருத்துவ அறிவு பாதி வழங்கிய தானமேயாம். ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும்போதே, அதன் பயனை மாவட்டந்தோறும் கொண்டுசெல்லும் செலவையும் சேர்த்து ஒதுக்குதல் முறை. மாவட்ட மருத்துவமனைகளில் குழந்தைப் பல் மருத்துவ வல்லுநர் குறித்த நாள்களிலேனும் இருத்தல் வேண்டும். பள்ளிகளில் பற்களையும் குடிநீரையும் ஆண்டுதோறும் சோதித்தல் வேண்டும்.

நம் உறவினர் இன்னும் வந்தவாசி, செஞ்சி வட்டாரச் சிற்றூர்களில் வாழ்கின்றனர். நகரத்தில் பல் மருத்துவம் பயின்ற நம் இளைஞர், அறப்பள்ளி விழாவுக்கு ஊர் செல்லும் நாளில் ஒரு வேளையை அவ்வூர்ப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒதுக்கலாம். அது அரசின் கடமைக்கு ஈடாகாது. அக்கடமையைக் கேட்கும் தகுதியை நமக்குத் தரும்.