அடிக்கும் பிள்ளையும் அடக்கும் மருந்தும்

அறிவு வளர்ச்சியிற் குறைவுற்று, பேச்சும் நிரம்பாத பிள்ளையொன்று பத்து வயதளவில் தாயைக் கடிக்கின்றது. தங்கையின் மயிரைப் பற்றி இழுக்கின்றது. தன் தலையையே சுவரில் மோதுகின்றது. அதன் சினத்தை மருந்தால் தணிக்கலாமென மருத்துவர் கூறுகின்றனர். வேண்டா என்று சொல்லமாட்டாத ஓருயிரை மருந்தாற் கட்டுதல் அன்பாமோ? இவ்வினா ஏட்டளவில் எழுந்ததன்று. பல இல்லங்களில் இரவுதோறும் எழுவது.

முதற்கண், அப்பிள்ளையின் அடியைக் குற்றமெனக் கொள்ளுதல் பொருந்தாது. உயிர் அறிவுடையதேயாயினும் கருவிகளோடு கூடியன்றி அறிந்து தொழிற்படாதென்பது சித்தாந்தத் துணிபு. கருவி பழுதுற்றவழி விளக்கம் குறையுமேயன்றி உயிர் இழிவுறுதல் இல்லை. சொல் எழாதவிடத்துக் கையே சொல்லாகின்றது. பற்சொத்தை, காதுநோய், மலச்சிக்கல், உறக்கமின்மை, பொறுக்கலாகா இரைச்சல் என்னும் இவற்றுள் ஒன்றை அஃது அடியால் உணர்த்துதலும் உண்டு. பல்வலியை ஆராயாது சினத்துக்கு மருந்தூட்டுதல் அழுகின்ற வாயைப் பொத்துதலோடு ஒக்கும். 1985-இல் கார், டியூரண்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், இத்தகைய பிள்ளைகட்கு உதவி கேட்கும் வழியைப் பயிற்றியபோது வன்செயல் குறைந்தமையை எடுத்துக்காட்டினர்.

அற்றேல், பிராரத்த வினையை மருந்தால் மறித்தல் தகுமோ எனின், காய்ச்சலுக்கு மருந்துண்பார் யாரும் அங்ஙனம் வினவக் காணோம் என்க.

வலியதோர் அமைதி வேறுண்டு. இறைவன் ஒறுத்தலும் அருளே என்பதற்குச் சிவஞான சித்தியார், பெற்றோர் மக்களை ஒறுத்துத் திருத்துதலையும் மருத்துவன் சில நோயை அறுத்துத் தீர்த்தலையும் உவமை காட்டும். அதனைப் பற்றிக்கொண்டு, மருந்தூட்டுதலும் மறக்கருணையே என்று மனந்தேறுவாருளர். இறைவன் ஒறுத்தல் முழுதும் உயிரின் பொருட்டு; அவன் தன்பொருட்டு வேண்டுவது யாதுமில்லை. பெற்றோர்க்கோ உறக்கம் வேண்டும். அயலார் முன் நாணமும் உண்டு. ஆகலின் மருந்து யாருடைய துன்பத்தை நீக்குகின்றது என்னும் வினாவைத் தப்பி அவ்வுவமையுள் ஒளிதல் இயலாது. எனினும் தாயின் உறக்கத்தை இழிந்த பயனென்று தள்ளுதலும் நேர்மையன்று. நான்கு இரவு கண்மூடாதவள் ஐந்தாம் நாள் கையோங்குவாளாயின் கேடு அப்பிள்ளைக்கே. தங்கையும் ஓருயிரன்றோ!

மருந்தின் ஆற்றலும் அளவும் அறியற்பாலன. ஆட்டிசமுடைய 101 பிள்ளைகளிடத்து 8 வாரம் நிகழ்ந்து 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ரிஸ்பெரிடோன் உண்டாரது சினவளவு நூற்றுக்கு 57 பங்கும், வெற்று மாத்திரை உண்டாரது 14 பங்கும் தணிந்தன. உடலெடையோ முன்னவர்க்கு 2.7 கிலோவும் பின்னவர்க்கு 0.8 கிலோவும் ஏறின. 2006-இல் அந்நாட்டரசு 5 முதல் 16 வயதுவரை ஆட்டிசத்தோடு கூடிய சினத்துக்கு அம்மருந்தை ஒப்பியது. ஆயின், அறிவு வளர்ச்சி குறைந்த பெரியவர் 86 பேரிடத்து நிகழ்ந்த ஆய்வொன்று 2008-இல் வெளிவந்தது. அதில் வெற்று மாத்திரை உண்டாரும் தணிந்தனர். மருந்து அதனின் மேம்பட்டதாகக் காணப்படவில்லை. அன்னோர் பிள்ளைகளல்லர், ஆதலின் முன்னதைப் பின்னது அழிக்குமெனத் துணிதற்கில்லை. கைக்கெளிதென்று மாத்திரையை நாடுவார்க்கு அஃதோர் எச்சரிக்கையாதல் ஒருதலை.

மற்றை முறைகளால் மட்டும் பயன் காணாதவழியே, அவற்றோடு கூட மருந்தைத் தருக. 3, 4 வாரத்தில் ஆராய்க. 6 வாரத்திற் பயனில்லையேல் நிறுத்துக என 2015-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மருத்துவ நெறியுரை கூறும். நிறுத்துங்காலும் பெற்றோர் தாமே ஒருங்கு நிறுத்தாது, மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்தல் வேண்டும். பழைய சினம் மீளுமாயின் மீண்டும் கொடுத்தற்கு நாணவேண்டுவதின்று. மருத்துவர்க்குக் காட்டத் தாய் எழுதும் குறிப்பில் அடி விழுந்த நாட்கள் மட்டும் இருத்தல் போதாது. பிள்ளை நகைத்த நாளும், ஊஞ்சலுக்கு ஓடிய நாளும், அடியாது மந்தமாய்ச் சுருண்டு கிடந்த நாளும் அதன்கண் எழுதப்படல் வேண்டும்.