மூச்சே அளவுகோல்

யோகா என்றதும் தலைகீழாக நிற்பவரும், காலைத் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் போட்டிருப்பவரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். இப்படிப்பட்ட படங்களையே பார்த்துப் பழகியதால், முழங்கால் வலிக்காரர்களும் வயதானவர்களும் "இதெல்லாம் நமக்கு ஆகாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மெதுவாகச் செய்யும் பயிற்சிகளும் உண்டு என்று சொன்னால், முடியாதவர்களுக்குக் காட்டும் சலுகையாக அதை எடுத்துக்கொள்கிறார்கள். இந்த எண்ணம் தவறு என்பதே என் கருத்து. ஓர் ஆசனம் கைகூடியதா என்பதை அப்போது மூச்சு ஓடும் விதத்தை வைத்தே சொல்ல வேண்டும். அப்படி அளந்தால் மென்மையான பயிற்சி யோகத்தின் நடுவில் வந்து நிற்கும்.

பழைய நூல்களே இதற்குச் சான்று. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஏறக்குறைய 195 சூத்திரங்கள் உள்ளன. ஆசனத்தை நேராகப் பேசுபவை மூன்று மட்டுமே. இருக்கை அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும், முயற்சியின் இறுக்கம் தளர வேண்டும் என்று கூறிவிட்டு அவர் மூச்சுக்குப் போய்விடுகிறார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலரும் ஆசனத்தைச் சுருக்கமாக முடித்து, பிராணாயாமத்துக்கே கூடுதல் பாடல்களைத் தருகிறார். ஹட யோக நூல்களில் மயூராசனம் போன்ற கடினமானவை இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் மயூராசனத்தைச் சொல்லும் அதே ஹடயோகப் பிரதீபிகை, மல்லாந்து அசையாமல் கிடக்கும் சவாசனத்தையும் ஆசனங்களின் வரிசையில் வைத்து, அது களைப்பைத் தீர்க்கும், மனத்தை ஓயவைக்கும் என்கிறது. 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் சிறுவர்களுக்குத் துடிப்பான ஆசன வரிசைகளைக் கற்பித்தவர் டி. கிருஷ்ணமாச்சாரியார். பின்னாளில் சென்னைக்கு வந்து நோயாளிகளையும் முதியவர்களையும் தனித்தனியே பார்த்தபோது, வயது, தொழில், உடல்நிலை எல்லாவற்றையும் கருதி அவரவருக்கு ஏற்பப் பயிற்சியை மாற்றினார். அந்த வழியில் அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவியதே கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம். ஆசனத்துக்காக ஆளை வளைக்க வேண்டியதில்லை, ஆளுக்காக ஆசனத்தை வளைக்கலாம் என்பதை அந்த மரபு நடைமுறையில் காட்டியது.

இதை நாற்காலியில் உட்கார்ந்தே சோதித்துப் பார்க்கலாம். மூச்சை உள்ளே இழுத்தபடி இரு கைகளையும் மெல்லத் தலைக்கு மேலே உயர்த்தி, மூச்சை விட்டபடி இறக்க வேண்டும். மூச்சு தொடங்கிய பிறகே கை கிளம்ப வேண்டும். மூச்சு முடியும் முன்பே கை நின்றுவிட வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் நாலைந்து முறைக்குள் கை முந்திக்கொண்டு ஓடும், தோள் காதை நோக்கி ஏறும், பல் இறுகும், மூச்சு ஒரு நொடி தொண்டையில் சிக்கும். சிக்கிய இடமே அன்றைக்கு அந்த உடம்பின் எல்லை. அதைக் கண்டுகொள்ள வேண்டுமானால் கவனம் மூச்சை விட்டு நகரக் கூடாது. தியானப் பழக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. உடலியலும் இதற்குத் துணை நிற்கிறது. மூச்சை விடும்போது வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத்துடிப்பு சற்றே குறைகிறது. லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரிடம் ஆராய்ந்து 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஜெபமாலை சொன்னபோதும் யோக மந்திரம் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. ரத்த அழுத்தத்துக்கு ஏற்ப இதயம் தன்னைச் சரிசெய்துகொள்ளும் திறன் கூடியது.

உட்கார்ந்து கையைத் தூக்கினால் உடம்புக்குப் போதுமா என்று கேட்பார்கள். போதாது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேக நடை செய்யும் வேலையை மெல்லிய ஆசனம் செய்யாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைக்கும் அது மாற்றாகாது. வலியின் விஷயம் வேறு. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 320 பேரிடம் நடத்தி 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அவர்களுக்கென வகுத்த யோகப் பயிற்சி பிசியோதெரபிக்குச் சளைத்ததாக இல்லை. மூச்சைக் கவனிக்கக் கண்ணை மூடினால் பயம் கூடுகிறது என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அசைவோடு நிறுத்திக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு, வேலைச்சுமையில் நசுங்குகிறவரிடம் யோகா செய்து சமாளி என்பது அநியாயம் என்பது. அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு மணி நேர வேலை தரும் களைப்புக்கு மருந்து, வேலை நேரத்தைக் குறைப்பதுதான்.

இத்தனைக்குப் பிறகும் இந்தப் பயிற்சிக்கே உரிய பயன் ஒன்று மிஞ்சுகிறது. விடாமல் முயல வேண்டும் என்று நமக்குச் சொல்லி வளர்க்கிறார்கள். முயற்சி எங்கே முடிந்து பலவந்தம் எங்கே தொடங்குகிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. உடம்பில் அதைக் கண்டுகொள்ளப் பழகியவருக்கு, பிள்ளையைக் கடிந்துகொள்ளும் நேரத்திலும் குரல் உயரும் முன்பே மூச்சு குறுகுவது தெரியவரும். அங்கே நிறுத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைக்கும். ஆகவே வகுப்பில் சேர நினைப்பவர், ஆசிரியருக்கு எத்தனை ஆசனங்கள் தெரியும் என்று விசாரிக்க வேண்டாம். மாணவரின் மூச்சைக் கவனித்து, "இன்றைக்கு இவ்வளவு போதும்" என்று சொல்லத் தெரிந்தவரா என்று விசாரிக்கட்டும்.