படலையைச் சாத்தினால் கடமை முடிந்ததா?



துறைமுகத்துக்கு ஒரு கொள்கலன் வந்து சேருகிறது. உள்ளே இருப்பது உணவுப் பண்டம். பரிசோதகர் அதில் சிறிதளவு எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார். நோய்க் கிருமியோ நச்சுப் பொருளோ இருப்பதாக அறிக்கை வருகிறது. உத்தியோகத்தர் பத்திரத்தில் "நிராகரிக்கப்பட்டது" என்று எழுதி முத்திரை குத்துகிறார். கொள்கலன் வந்த வழியே திரும்புகிறது. நாட்டு மக்கள் காப்பாற்றப்பட்டார்கள். அந்த உத்தியோகத்தரை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால், அந்தப் பண்டம் ஏன் அப்படிக் கெட்டது? திரும்பிப் போனபின் அதை உண்ணப் போகிறவர் யார்? அடுத்த கொள்கலனும் அப்படியே வராதிருக்கச் செய்ய வேண்டியது என்ன? இக்கேள்விகளுக்கு விடை தேடும் கடமை, வாங்குகின்ற நாட்டுக்கும் உண்டா? அல்லது படலையைச் சாத்தியதோடு அதன் பொறுப்புத் தீர்ந்துவிடுகிறதா? இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புவது இதனையே.

நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்கு ஆபிரிக்காவில் கென்யா, உகண்டா, தன்சானியா என்ற மூன்று நாடுகளுக்கும் நடுவே விக்டோரியா ஏரி இருக்கிறது. ஏரி என்று பெயர். பரப்பிலோ நமது தீவைவிடச் சற்றுப் பெரியது. அங்கே பிடிபடும் நைல் பேர்ச் என்னும் பெரிய மீனை முள் நீக்கி, சதைத் துண்டங்களாக வெட்டி, குளிரூட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பும் தொழிற்சாலைகள் 1980கள் தொடக்கம் கரையோரமெங்கும் எழுந்தன. 1997இல் ஸ்பெயினுக்குச் சென்ற மீனில் சல்மொனெல்லாக் கிருமி காணப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், அப்பகுதியில் கொலரா எனும் வாந்திபேதி பரவியதைக் காரணங்காட்டி, ஐரோப்பிய ஒன்றியம் அந்நாடுகளின் பச்சை மீனைத் தடை செய்தது. அத்தடை 1998இல் நீங்கியது. 1999 மார்ச்சில், ஏரியில் நஞ்சிட்டு மீன் பிடிக்கிறார்கள் என்ற செய்தி எழவே மறுபடியும் தடை வந்தது.

நமது கரையோரப் பங்குகளில் வாழும் வாசகருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. பிடித்த மீனுக்கு வாங்குவோர் இல்லையென்றால் சம்மாட்டிக்கு மட்டுமா நட்டம்? வலை இழுத்தவனுக்கும், கூடை சுமந்தவளுக்கும், கடன் கொடுத்த கடைக்காரனுக்கும் அன்றிரவே அது தெரிந்துவிடும். விக்டோரியா ஏரிக் கரையிலும் அப்படித்தான் நடந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, வேலையாட்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர், மீன் விலை சரிந்தது.

ஐரோப்பியர் செய்தது பிழையா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லலாகாது. தன் குடிமக்கள் நஞ்சை உண்ணாமல் காப்பது எந்த அரசுக்கும் முதற் கடமை. ஏழை நாட்டின் மீன் என்பதற்காக நோயாளியின் தட்டில் கிருமியை வைக்க முடியாது. கொலராவின் பேரில் விதித்த தடைக்குத் தகுந்த ஆதாரமில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனமே கருத்துத் தெரிவித்தது என்பது மெய். ஆயினும் சல்மொனெல்லா வீண் கற்பனை அல்லவே! மீன் இறங்கும் கரைகள் பலவற்றில் சுத்தமான தண்ணீர் இல்லை, ஐஸ் இல்லை, மலகூடம் இல்லை. வெறுந்தரையில் மீனைப் போட்டால் கிருமி ஏறாதா?

இங்கேதான் நமது கேள்வி கூர்மையடைகிறது. தடையானது குற்றத்தைச் சுட்டிக்காட்டிற்று. ஆனால் அந்தக் கரைக்கு ஒரு தண்ணீர்க் குழாயைக் கொண்டுவரவில்லை. நோயைச் சொன்னது, மருந்தைத் தரவில்லை. மருந்து வேறு வழியாக வந்தது. உகண்டா, பல திணைக்களங்களில் சிதறிக் கிடந்த மீன் பரிசோதனைப் பொறுப்பை மீன்பிடித் திணைக்களத்தின் கையில் ஒன்றுசேர்த்தது. ஐக்கிய நாடுகளின் கைத்தொழில் அபிவிருத்தி ஸ்தாபனம் அதற்குத் துணை நின்றது. பரிசோதகர்கள் பயிற்றப்பட்டார்கள். தொழிற்சாலைகளும் இறங்குதுறைகளும் திருத்தப்பட்டன. 2000ஆம் ஆண்டு முடிவதற்குள் மூன்று நாடுகளுக்கும் ஐரோப்பியச் சந்தை மீண்டும் திறந்தது. மீனைச் சுத்தமாக்கியது தண்ணீரும், ஐஸும், பயிற்சியும், நேர்மையான பரிசோதனையுமே.

இத்தகைய உதவி தருமமா, நீதியா? இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. தருமம் என்பது கொடுப்பவன் மனமுவந்து செய்வது. செய்யாவிட்டால் அவனைக் கடன்காரன் என்று எவரும் சொல்லார். நீதி என்பது பெறுபவனுக்கு உரியதைக் கொடுப்பது; கொடுக்காதவன் கடன்காரனே. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் சுகாதாரப் பாதுகாப்பு உடன்படிக்கை 1995 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 9ஆம் உறுப்புரை, வாங்கும் நாட்டின் விதிகளை நிறைவேற்ற ஒரு வளர்முக நாடு பெருமுதலீடு செய்ய நேருமானால், தொழில்நுட்ப உதவி அளிப்பதுபற்றி வாங்கும் நாடு பரிசீலிக்க வேண்டும் என்கிறது. சொல்லைக் கவனியுங்கள்: "பரிசீலிக்க வேண்டும்." பரிசீலித்துவிட்டுச் சும்மா இருந்தாலும் சட்டம் நிறைவேறிவிடும்! சட்டம் நின்றுவிடுகிற அந்த இடத்திலிருந்துதான் மனச்சாட்சி நடக்கத் தொடங்க வேண்டும்.

இதனை நாம் நீதி என்று சொல்வதற்குக் காரணங்கள் உள. முதலாவது, மலிவின் பயனை அனுபவிப்பவன் வாங்குபவன். குழாயும் ஐஸும் இல்லாத கரையிலிருந்து வந்தபடியால்தான் அந்த மீன் மலிவாயிருந்தது. மலிவை ஏற்றுக்கொண்டு, அதன் காரணத்துக்குத் தனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்வது நேர்மையாகுமா? இரண்டாவது, விதியை எழுதுபவனும் அவனே. ஏறமுடியாத உயரத்தில் படியைக் கட்டிவிட்டு, ஏறாதவனைக் குறைகூறலாகாது. மூன்றாவது, படலைக் காவல் ஒன்றே அவனைக் காப்பாற்றாது. வரும் பண்டம் அனைத்தையும் சோதிக்க எந்தத் துறைமுகத்தாலும் இயலாது. ஒரு மூட்டைச் சோளத்தில் சில மணிகளில் மட்டும் நஞ்சு திரண்டிருக்க, கையிட்டு எடுத்த பிடியில் அது அகப்படாமலும் போகலாம். அமெரிக்கா 2011இல் இயற்றிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஏற்றுமதி செய்யும் நாடுகளின் ஆற்றலை வளர்க்கத் திட்டம் வகுக்கும்படி தனது உணவு, மருந்து நிர்வாகத்தைப் பணித்ததற்கும் இவ்வறிவே காரணம். அயலவனின் கிணறு சுத்தமாயிருந்தால் நமக்கும் நல்லதல்லவா?

"அந்நாட்டு அரசு தன் வேலையைச் செய்யட்டும், பிறர் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான ஆட்சேபனைதான். முதற் பொறுப்பு அந்நாட்டு அரசுக்கே உரியது; பரிசோதகர் கைலஞ்சம் வாங்கினால் எந்த ஆய்வுகூடமும் பயன்படாது. ஆனால் ஒருவனுக்கு முதற் கடமை உண்டென்பதால் மற்றவனின் துணைக் கடமை அழிந்துவிடாது. உதவி என்பது அவனுடைய இடத்தில் நாம் நிற்பதன்று. அவன் தன் காலில் நிற்கக் கைகொடுப்பதே.

இதனிலும் கடினமான கேள்வி ஒன்றுண்டு. உதவி யாருடைய வயிற்றை நினைத்துச் செய்யப்படுகிறது? விக்டோரியா ஏரி மீனின் நல்ல சதை ஐரோப்பாவுக்குப் போக, தலையும் முள்ளுமாக எஞ்சும் கூட்டைப் பொரித்து உள்ளூர் ஏழைகள் உண்கிறார்கள். கென்யாவில் இதற்குச் சுவாகிலி மொழியில் 'திறந்த முதுகு' என்று பொருள்படும் பெயரே உண்டு. 2004இல் அதே கென்யாவின் கிழக்கு மாவட்டங்களில், ஈரத்தோடு வீடுகளில் சேமித்து வைத்த சோளத்தில் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளாடொக்சின் என்னும் நஞ்சு உண்டாயிற்று. 317 பேர் நோயுற்றனர். 125 பேர் மாண்டனர். அந்தச் சோளம் எந்தத் துறைமுகத்தையும் தாண்டவில்லை. ஆகவே எந்த வெளிநாட்டு ஆய்வுகூடமும் அதைச் சோதித்து எச்சரிக்கவில்லை. வெளிநாட்டான் உண்ணும் மீனுக்கு ஒரு கண்டிப்பு, உழுதவன் உண்ணும் சோளத்துக்கு ஒரு கவனயீனம் என்றால், அந்தப் பாதுகாப்பு வியாபாரத்தின் பாதுகாப்பேயன்றி மனிதனின் பாதுகாப்பு அன்று. ஏற்றுமதிக்கென்று ஒரு சுத்தமான ஒழுங்கையை மட்டும் கட்டிக்கொடுக்கும் உதவி பாதி உதவியே. உழைப்பவனின் பிள்ளையும் அதே சுத்தமான உணவை உண்ணும் நாளிலேதான் அது நிறைவுபெறும்.

இவையெல்லாம் தூரதேசத்துக் கதைகள் என்று எண்ணிவிடாதீர்கள். நாமோ படலையின் இரு பக்கமும் நிற்கிறவர்கள். நமது கறுவா வெளிநாட்டுச் சந்தைகளுக்குப் போகிறது. தரையில் இருந்து கறுவா உரிக்கும் பழக்கத்தை மாற்றிச் சுகாதார முறையைக் கற்பிக்க, 2010களில் கொஸ்கொடவில் ஒரு பயிற்சி நிலையம் எழுந்தது. அதற்கு உதவிய சர்வதேச நிதியம், உலக வர்த்தக ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் மற்றும் சில ஸ்தாபனங்களும் சேர்ந்து அமைத்ததாகும். அங்கே நாம் கை நீட்டிப் பெற்றவர்கள். 2021 மார்ச்சிலோ, இங்கு இறக்குமதியான தேங்காயெண்ணெயில் அதே அஃப்ளாடொக்சின் காணப்பட்டபோது, நாம் படலையைச் சாத்தியவர்கள். எண்ணெயைத் திருப்பி அனுப்பும்படி கட்டளை பிறந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். அது பிழையன்று. ஆனால் அந்த எண்ணெய் இனி எந்த வீட்டு அடுப்புக்குப் போகும் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? இதனை எழுதுகிறவரும் அன்று கேட்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அன்பான வாசகரே, நீங்களும் நாமும் சர்வதேச உடன்படிக்கைகளை எழுதப் போவதில்லை. எனினும், "நஞ்சு கலந்த உணவு திருப்பி அனுப்பப்பட்டது" என்ற செய்தியை அடுத்த முறை வாசிக்கும்போது, "நாம் தப்பினோம்" என்பதோடு பத்திரிகையை மடித்துவிடாமல், "அவர்கள்?" என்று ஒரு சொல்லைக் கூட்டிக் கேட்போம். மீன் இறங்கும் நமது கரையிலும், நெல்லும் மிளகாயும் காயும் நமது முற்றத்திலும், கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போவதற்கு ஒரு சுத்தம், பக்கத்து வீட்டுக்குப் போவதற்கு இன்னொரு சுத்தம் என்றிருந்தால் அதையும் திருத்திக்கொள்வோம். படலை வேண்டியதுதான். ஆனால் அதைச் சாத்துகின்ற கை, தேவைப்படும்போது திறந்துகொண்டு அப்பால் போய் உதவவும் பழக வேண்டும்.